ரேடியோ பாடாத வைஸ் சிட்டி

எங்களில் பலர் முதன்முதலாக விளையாடிய வைஸ் சிட்டியில் ரேடியோ பாடாது. காருக்குள் ஏறினால் எஞ்சின் சத்தம் மட்டும்தான். கடைக்கார அண்ணா அடித்துத் தந்த சீடியில் இடம் போதாது எண்டு, பாட்டுகள் எல்லாவற்றையும் யாரோ எங்கேயோ ஏற்கெனவே வெட்டி எறிந்திருந்தார்கள். அது எங்களுக்குத் தெரியாது. கேமே அப்பிடித்தான் எண்டு நினைத்துக்கொண்டு வருசக்கணக்காக அந்த ஊரைச் சுற்றினோம். அதே சீடியில் இன்னொரு வேலையும் நடந்திருந்தது. டாக்சி வரவேண்டிய இடத்தில் ஒரு பச்சை ஓட்டோ வரும். அமெரிக்கக் கடற்கரை வீதியில் மூன்று சில்லில் பறந்துபோய்ப் பொலிஸ் காரை இடித்துவிட்டுச் சிரிப்போம். அந்த ஓட்டோவைச் செய்தது யார் எண்டு ஒருநாளும் கேட்டதில்லை.

இப்ப கம்பஸில் வரலாறு படிக்கிறோம். ஒரு மூலத்தைக் கையில் எடுத்தால் முதலில் கேட்கவேண்டியது, இது யார் யார் கைபட்டு வந்தது என்பதுதான் எண்டு முதல் வருசத்திலிருந்தே சொல்லித்தருகிறார்கள். ஒரு மழை நாள் விடுதியில் பழைய கேம் கதை வந்தபோது, அந்தக் கேள்வியை அந்தச் சீடியிடமே கேட்கலாமே எண்டு தோன்றியது. கேட்டுப்பார்த்ததில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. கம்பனி செய்து விற்ற கேமை, அதோடு சம்பந்தமே இல்லாத ஆக்கள் திறந்து, திருத்தி, சிலவேளை செய்தவர்களைவிட நல்லதாக்கிய கதை. இதை மொட் என்பார்கள், ஹக் என்பார்கள், பட்ச் என்பார்கள். பேருக்குப் பேர் நுணுக்கமான வித்தியாசம் உண்டு. இங்கே அது முக்கியமில்லை.

முதலில் ஒரு விமானத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். சான் அன்ட்ரியாஸ் விளையாடியவர்களுக்கு ஸ்கிம்மர் ஞாபகம் இருக்கும். தண்ணீரில் இறங்கும் சின்ன விமானம். விண்டோஸ் 11 இன் 24எச்2 என்ற புதுப்பிப்பைப் போட்டபிறகு அந்த விமானம் காணாமல் போய்விட்டது எண்டு ஆட்கள் முறையிடத் தொடங்கினார்கள். கேம் வந்தது 2004 இல், கணினிக்கு வந்தது 2005 இல். இருபது வருசமாக ஒழுங்காக நின்ற விமானம் எங்கே போனது?

இதைத் தேடிக் கண்டுபிடித்தது கேமைச் செய்த ரொக்ஸ்டார் கம்பனி இல்லை. சைலன்ட் என்ற புனைபெயரில் இயங்கும் ஒரு போலந்து புரோகிராமர். பழைய ஜீ.டி.ஏ. கேம்களுக்கு இலவசமாக 'சைலன்ட் பட்ச்' செய்து கொடுப்பவர். அவர் 2025 இல் விளக்கிய காரணம் ஒரு துப்பறியும் கதை மாதிரி. கேமுக்குள் வாகனங்களின் விபரம் உள்ள ஒரு கோப்பு இருக்கு. வாகனத்துக்கு ஒரு வரி. விமானம் என்றால் அந்த வரியின் கடைசியில் சில்லின் அளவு எழுதியிருக்கவேண்டும். ஆனால் ஸ்கிம்மர் முந்தைய கேமான வைஸ் சிட்டியில் படகுக் கணக்கில் இருந்தது. படகுக்குச் சில்லு எதுக்கு? சான் அன்ட்ரியாஸில் அதை விமானமாக மாற்றினார்கள், சில்லின் அளவை எழுத மறந்துவிட்டார்கள். அந்த வரியை வாசிக்கும் நிரல், எண் இல்லையென்றால் என்ன செய்வது என்பதையும் யோசிக்கவில்லை. நினைவகத்தில் அந்த இடத்தில் என்ன கிடந்ததோ அதை எடுத்துக்கொண்டது. அங்கே கிடந்தது முந்தின வரியில் வாசித்த ஒரு வானின் சில்லு அளவு. அது தற்செயலாகப் பொருந்திப்போனது. இருபது வருசம் ஸ்கிம்மர் பறந்தது பக்கத்து வீட்டு வானின் சில்லில்.

புதிய விண்டோஸ் அந்த நினைவகத் துண்டைக் கொஞ்சம் வேறு மாதிரிப் பயன்படுத்தியது. வானின் எண் அழிந்து குப்பை எண் வந்தது. அந்தக் குப்பையை வைத்துக் கேம் கணக்குப் பார்த்தபோது விமானம் வைக்கப்பட்ட உயரம், மீற்றரில், ஒன்றுக்குப் பின்னால் முப்பதுக்கும் மேற்பட்ட பூச்சியங்கள். நாங்கள் காணக்கூடிய பிரபஞ்சத்துக்கு வெளியே. பிழை விண்டோஸில் இல்லை, 2004 இலிருந்தே கேமுக்குள் ஒளிந்திருந்தது. திருத்தம் என்னவோ நாலு எண்கள்தான். ஆனால் அந்த நாலு எண்ணையும் தேடி ஒரு ஆள், ஒரு சதமும் வாங்காமல், இயங்குதளத்தின் அடிமட்டம் வரை இறங்கிப் போயிருக்கிறார்.

இப்படியான ஆட்கள் இணையம் வந்தபிறகு உருவானவர்கள் எண்டுதான் நாங்களும் நினைத்தோம். இல்லை. கதை 1981 இலேயே சூடாக இருக்கு.

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் டக் மக்ரே, கெவின் கரன் என்ற இரண்டு மாணவர்கள், எங்கட வயதுதான், வளாகத்தில் காசு போட்டு விளையாடும் இயந்திரங்களை வைத்து வருமானம் பார்த்தார்கள். அட்டாரி கம்பனியின் 'மிசைல் கொமாண்ட்' இயந்திரங்களும் அதில் இருந்தன. தொடக்கத்தில் நல்ல ஓட்டம். பிறகு பொடியள் விளையாட்டைக் கரைத்துக் குடித்துவிட்டார்கள். ஒரு நாணயத்தைப் போட்டுவிட்டு மணித்தியாலக்கணக்காக நின்று விளையாடினால் முதலாளிக்கு என்ன லாபம்? புது இயந்திரம் வாங்கக் காசு இல்லை. அதனால் கேமைக் கடினமாக்குவோம் எண்டு யோசித்தார்கள். இயந்திரத்தின் சுற்றுப்பலகையில் செருகும் ஒரு துணைப்பலகையைச் செய்தார்கள். மூல நிரல் உள்ள சிப்புகள் அப்படியே இருக்கும். குறிப்பிட்ட சில இடங்களை இயந்திரம் வாசிக்கப் போகும்போது மட்டும் துணைப்பலகை குறுக்கே புகுந்து தன்னுடைய நிரலைக் கொடுக்கும். அட்டாரியின் நிரலை அவர்கள் நகல் எடுக்கவில்லை. வாங்கிய இயந்திரத்தின் மேல் ஒரு அடுக்கு வைத்தார்கள், அவ்வளவுதான். 'சூப்பர் மிசைல் அட்டாக்' எண்டு பெயர் வைத்து, பலகை ஒன்று 295 டொலருக்கு மற்ற இயந்திரச் சொந்தக்காரருக்கும் விற்றார்கள். இதற்காகத் தொடங்கிய கம்பனியின் பெயர் ஜெனரல் கொம்பியூட்டர். பெயர் மட்டும் பெரிது.

அட்டாரி 15 மில்லியன் டொலர் கேட்டு வழக்குப் போட்டது. பொடியள் பயந்து ஓடுவார்கள் எண்டு எதிர்பார்த்திருக்கும். அவர்கள் ஓடவில்லை, வழக்காடத் தயாரானார்கள். அட்டாரிக்கு இது சங்கடம். தீர்ப்பு மாணவர்கள் பக்கம் போனால் நாளைக்கு எல்லாரும் துணைப்பலகை செய்யத் தொடங்குவார்கள். கடைசியில் சமரசம். அட்டாரி வழக்கைக் கைவிட்டது, அதோடு நிற்காமல் அந்தப் பொடியளுக்கே காசு கொடுத்துத் தனக்குக் கேம் செய்யச் சொன்னது. பதிலுக்கு அவர்கள், மூலக் கம்பனியின் அனுமதி இல்லாமல் இனித் துணைப்பலகை விற்கமாட்டோம் எண்டு ஒப்புக்கொண்டார்கள்.

அனுமதி இல்லாமல் என்ற அந்தச் சொல்தான் அடுத்த திருப்பம். அப்போது அவர்கள் கையில் இன்னொரு பலகை பாதி முடிந்து கிடந்தது. ஜப்பானின் நம்கோ கம்பனியில் தோரு இவதானி 1980 இல் உருவாக்கிய பக்-மானுக்கு மேல் வைக்கும் பலகை. அதற்கு 'கிரேஸி ஒட்டோ' எண்டு பெயர். அதில் பக்-மானுக்குக் கால் முளைத்திருக்கும். சரி, அனுமதிதானே, கேட்போம் எண்டு அமெரிக்காவில் பக்-மானை விற்ற மிட்வே கம்பனியிடம் நேரே போனார்கள். மிட்வே அந்த நேரம் அடுத்த பக்-மான் எப்ப வரும் எண்டு ஜப்பானைப் பார்த்துக்கொண்டிருந்தது. வாங்கிக்கொண்டது. காலை எடுத்துவிட்டு, தலையில் ஒரு ரிப்பனைக் கட்டி, 1982 இல் 'மிஸ் பக்-மான்' ஆக வெளியே விட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் விற்றன. அமெரிக்காவில் விற்ற காசுபோடும் இயந்திரங்களில் அது உச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

வெறும் ரிப்பன் கட்டியதற்காக விற்கவில்லை. பழைய பக்-மானில் பேய்கள் நகரும் விதம் மாறாதது. வழியை மனப்பாடம் செய்தவர் தூக்கத்திலும் வெல்வார். புதியதில் பேய்களின் போக்கில் ஒரு எழுந்தமானத்தைச் சேர்த்தார்கள், ஒரு புதிர்ப்பாதைக்குப் பதிலாக நாலு கொடுத்தார்கள், ஒரே இடத்தில் நின்ற பழத்தை நடக்கவிட்டார்கள். மனப்பாடம் செய்து பாஸ் பண்ணுகிற பரீட்சையை யோசித்து எழுதுகிற பரீட்சையாக மாற்றின மாதிரி. எங்கட பாடத்திட்டக்காரர் கவனிக்கலாம்.

அந்தக் கதைக்கு ஒரு கசப்பான வாலும் உண்டு. உரிமைச் சிக்கல் பல தசாப்தமாக இழுபட்டது. 1999 இல் வந்த 'பக்-மான் வேர்ல்ட்' கேமின் புதுப்பித்த பதிப்பு 2022 இல் வந்தபோது, அதில் மிஸ் பக்-மான் இல்லை. அவளுடைய இடத்தில் 'பக்-மொம்' எண்டு வேறொரு உருவம். பழைய கேமில் இருந்தவளைப் புதுப்பித்த கேமில் சத்தமில்லாமல் மாற்றிவிட்டார்கள்.

1993 டிசம்பரில் வந்த டூம் பற்றி நிறையப்பேர் எழுதிவிட்டார்கள், நாங்கள் சுருக்கமாக. அதற்கு முந்திய வுல்ஃபன்ஸ்டைன் 3டி கேமை ரசிகர்கள் உடைத்துத் திருத்துவதைப் பார்த்த ஜோன் கார்மக், டூமில் படம், சத்தம், வரைபடம் எல்லாவற்றையும் 'வொட்' என்ற தனிக் கோப்பில் வைத்தார். இயந்திரம் வேறு, சரக்கு வேறு. மூலத்தைக் கெடுக்காமல் யாரும் தங்கட சரக்கை ஏற்றலாம். 1997 இல் மூலநிரலையே வெளியே விட்டார்கள். முப்பது வருசம் தாண்டியும் டூமுக்குப் புதுப் படிகள் வந்துகொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜோன் ரொமேரோவே 2019 இல் திரும்பி வந்து 'சிஜில்' எண்டு ஒரு மொட் செய்து இலவசமாகப் போட்டார். பூட்டாத வீட்டுக்குச் சொந்தக்காரரும் விருந்தாளியாக வரலாம்போல.

ஆனால் எங்களை உண்மையில் பிடித்து இருத்தியது இன்னொரு கதை.

2004 நவம்பர் 16 ஆம் திகதி 'வம்பயர்: த மாஸ்கரேட் – பிளட்லைன்ஸ்' எண்டு ஒரு கேம் வெளியானது. செய்தது ட்ரொய்கா என்ற சின்ன நிறுவனம். வல்வ் கம்பனியின் சோர்ஸ் எஞ்சினில் கட்டியது. வல்வின் ஹாஃப்-லைஃப் 2 வருவதற்கு முன் வெளியிடக்கூடாது என்பது ஒப்பந்தம். அதனால் அதே நாளில், அந்த யானையின் காலடியிலேயே வந்து விழுந்தது. முழுக்க வழுக்கள். கதையின் ஒரு கட்டத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டுப் படகில் ஏறினால் கேம் அப்படியே நின்றுவிடும், அதற்கு மேல் போகவே முடியாது. கம்பனி ஒரு திருத்தம் விட்டது. 2005 தொடக்கத்தில் ட்ரொய்காவே மூடப்பட்டது. எழுத்து அபாரம், நகரம் அபாரம், பாத்திரங்கள் அபாரம், ஆனால் ஓடாத கேம். திருத்த ஆள் இல்லை.

அந்த இடத்தில் ரசிகர் ஒருவர் ஒரு பட்ச் தொடங்கினார். அவரிடமிருந்து அதை வேர்னர் ஸ்பால் என்ற ஜேர்மானியர் பொறுப்பேற்றார். தொழிலால் அவர் ஒரு வேதியியலாளர், கேம் துறைக்காரர் இல்லை. இருபது வருசமாக அந்தப் பட்சுக்குப் புதுப் பதிப்புகளை வெளியிட்டு வருகிறார். பிளட்லைன்சை இன்றைக்கு வாங்கி விளையாடுகிற யாரிடமும் கேளுங்கள், முதலில் அந்தப் பட்சைப் போடு எண்டுதான் சொல்வார்கள். ஜீ.ஓ.ஜி. கடையில் கேமை வாங்கினால் பட்ச் அதற்குள்ளேயே வருகிறது. ஒரு கேமைச் செய்தவர்கள் அதில் வேலைசெய்த காலத்தைவிட, ஒரு ரசிகர் அதில் வேலைசெய்த காலம் பல மடங்கு நீளம்.

இதில் ஒரு சண்டையும் இருக்கு. அந்தப் பட்ச் இரண்டு வடிவில் கிடைக்கும். ஒன்று, வழுக்களை மட்டும் திருத்தும். மற்றது 'பிளஸ்'. கேமின் கோப்புகளுக்குள், செய்தவர்கள் பாதியில் விட்ட உரையாடல்கள், வரைபடங்கள், பொருட்கள் கிடந்தன. ஸ்பால் அவற்றைத் தோண்டியெடுத்து ஒட்டிச் சேர்த்தார். சிலதில் தன்னுடைய தெரிவுகளையும் வைத்தார். இது மீட்பா, திருத்தி எழுதலா? ஏட்டுப் பிரதிகளில் பாடபேதம் பார்க்கப் பழகியவர்களுக்கு இந்தச் சண்டை புதிதில்லை. எழுத்தாளன் வெட்டிய பந்தியை, அவன் இல்லாதபோது, அவன் மேசை லாச்சியிலிருந்து எடுத்து நூலில் சேர்க்கலாமா? எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்து வரவில்லை. சிலர் முதல் தடவையே பிளஸ் விளையாடவேண்டும் என்கிறார்கள். எங்களில் பெரும்பாலானோர் மற்றப் பக்கம்: முதலில் வெறும் திருத்தம், பிறகு வேண்டுமென்றால் பிளஸ். ஒன்றை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். அவர் இரண்டையும் தனித்தனியாக வைத்திருப்பது நேர்மையான பதிப்பாசிரியர் வேலை. எங்களுக்குச் சீடி தந்தவர்கள் அப்படிச் சொல்லித் தரவில்லை.

1981 இல் அட்டாரி சமரசத்துக்கு வந்தது. 2016 இல் நின்டென்டோ வரவில்லை. மெட்ரொய்ட் தொடரின் இரண்டாவது கேம் 1991 இல் கேம் போய் கருவிக்கு வந்தது, சாம்பல் நிறத் திரையில். ஆர்ஜன்டீனாவைச் சேர்ந்த மில்டன் குவாஸ்டி அதைச் சுமார் பத்து வருசம் உழைத்து நிறத்தோடு முழுதாகத் திரும்பக் கட்டினார். ஏ.எம்.2ஆர். எண்டு பெயர். மெட்ரொய்டின் முப்பதாவது பிறந்தநாளான 2016 ஓகஸ்ட் 6 ஆம் திகதி இலவசமாக வெளியிட்டார். பத்து வருச உழைப்பு, ஆனால் சில நாட்களுக்குள்ளேயே பதிப்புரிமை அறிவித்தல் போய், தரவிறக்க இணைப்புகள் எல்லாம் இறக்கப்பட்டன. அடுத்த வருசம் நின்டென்டோ அதே கேமுக்குத் தன்னுடைய புதுப்பிப்பை விற்பனைக்கு விட்டது. குவாஸ்டியை வேறொரு நிறுவனம் கூப்பிட்டு 'ஓரி அன்ட் த வில் ஒஃப் த விஸ்ப்ஸ்' கேமில் வேலை கொடுத்தது. ஏ.எம்.2ஆரை மற்ற ரசிகர்கள் தொடர்ந்து திருத்திக்கொண்டிருக்கிறார்கள்.

கம்பனியின் பக்கமும் நியாயம் இல்லை எண்டு சொல்லமாட்டோம். தான் விற்கப்போகும் பொருளை வேறொருவர் சும்மா கொடுத்தால் எந்தக் கடைக்காரருக்கும் கோபம் வரும். ஆனால் ஜீ.டி.ஏ. விசயத்தில் நடந்ததைப் பார்த்தால் அந்த நியாயம் கொஞ்சம் ஆட்டம் காண்கிறது.

சில ரசிகர்கள் ஜீ.டி.ஏ. 3, வைஸ் சிட்டி இரண்டையும் இயங்கும் கேமிலிருந்து பின்னோக்கிப் பிரித்து, வாசிக்கக்கூடிய மூலநிரலாகத் திரும்ப எழுதினார்கள். ஆர்.ஈ.3 என்ற திட்டம். கேமின் படங்கள், சத்தங்கள் எதுவும் அதில் இல்லை. மூலக் கேம் உங்களிடம் இருந்தால்தான் ஓடும். வழுக்கள் பல திருத்தப்பட்டன. வைஸ் சிட்டியில் பாலத்தால் அடுத்த தீவுக்குப் போகும்போது திரை நிற்குமே, அது கூட இல்லாமல் ஓட்டலாம். 2021 பெப்ரவரியில் ரொக்ஸ்டாரின் தாய்க் கம்பனியான டேக்-டூ அதை இறக்க வைத்தது. செப்டெம்பரில் அதைச் செய்தவர்கள்மேல் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. இடையில் வேறு பல பழைய மொட்களும் இறக்கப்பட்டன.

காரணம் ஒக்டோபரில் தெரிந்தது. மூன்று பழைய கேம்களையும் புதுப்பித்து 'டெஃபினிட்டிவ் எடிஷன்' எண்டு விற்கப் போகிறார்கள். அதற்கு முன்பே பழைய பதிப்புகளைக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். புதியது வந்தபோது பார்த்தவர்கள் திகைத்துப்போனார்கள். மழை பெய்தால் வீதி தெரியாது, திரை முழுக்க வெள்ளைக் கோடுகள். கடைப்பலகைகளில் எழுத்துப்பிழை. பாத்திரங்களின் முகங்கள் பலூன் மாதிரி. ரொக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டு, பழைய பதிப்புகளைத் தன்னுடைய கடையில் திரும்ப வைத்தது. அந்தச் சில வாரங்களில் ஒழுங்கான வைஸ் சிட்டி ஒன்று வேண்டும் எண்டு புதிதாகத் தேடிய ஒருவருக்கு, கடையில் கிடைத்தது டெஃபினிட்டிவ், நல்லது கிடந்தது வழக்கில்.

பாட்டுக்கும் இதே கதி வந்தது என்பதுதான் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம். கேமில் ஒலிக்கும் பாட்டுகளுக்கு உரிமம் எடுத்திருப்பார்கள், அது காலாவதியாகும். 2014 இல் ஒரு புதுப்பிப்போடு சான் அன்ட்ரியாஸின் பல பாட்டுகள் போயின. 2018 இல் ஜீ.டி.ஏ. 4 இலும் அதுவே. காசு கொடுத்து முறையாக வாங்கியவரின் கணினியிலிருந்தும் போயின. பிறகு ரசிகர்கள் அந்தப் பாட்டுகளைத் திரும்ப ஏற்றப் பட்ச் செய்தார்கள். எங்கட சீடியில் வெட்டியவர் இடம் போதாமல் வெட்டினார், அங்கே உரிமம் போதாமல் வெட்டினார்கள். கேட்கிற ஆளுக்கு இரண்டும் ஒரே எஞ்சின் சத்தம்தான்.

திருட்டு சீடியில் வளர்ந்த நாங்கள் பதிப்புரிமை பற்றிப் பெரிதாகப் பேசக்கூடாது எண்டு ஒரு அக்கா இந்தக் கட்டுரையின் முதல் வரைவை வாசித்துவிட்டுச் சொன்னா. சரிதான். ஆனால் பேசாமல் விட்டால் அந்த ஓட்டோவைச் செய்தவரைப் பற்றி யார் பேசுவது? சைலன்டுக்குப் புனைபெயராவது இருக்கு, ஸ்பாலின் பெயரைக் கேம் உலகம் முழுக்கத் தெரியும். மொட் செய்பவர்கள் வழக்கமாகக் கோப்புகளோடு 'ரீட்மீ' எண்டு ஒரு சின்னக் குறிப்பையும் வைப்பார்கள். செய்தது யார், எந்தப் பதிப்பு, யாருக்கு நன்றி எண்டு அதில் இருக்கும். காசு வராத வேலையில் கிடைக்கிற ஒரே கூலி அதுதான்.

போன விடுமுறைக்கு எங்களில் ஒருத்தன் வீட்டு அலுமாரியில் அந்தச் சீடியைத் தேடிப் பிடித்தான். கீறல் விழுந்திருந்தாலும் வாசித்தது. எல்லாரும் சுற்றி இருந்து கோப்புகளைத் திறந்து பார்த்தோம். ஓடியோ கோப்புறையில் ரேடியோ இருந்திருக்கவேண்டிய இடம் காலி. ரீட்மீ இல்லை, படியெடுத்த யாரோ அழித்திருக்கவேண்டும். ஓட்டோவின் கோப்பை மொட் செய்கிற மென்பொருளில் ஏற்றிச் சுழற்றிப் பார்த்தோம். பின்பக்கத்தில், விளையாடின காலத்தில் ஒருநாளும் கவனிக்காத இடத்தில், இலக்கத்தகடு ஒன்று வரைந்திருந்தது. இலங்கை இலக்கமும் இல்லை, இந்திய இலக்கமும் இல்லை. நாலு எண்கள் மட்டும்: 1987.